சுகாதார அறிவியல் இளங்கலை மாணவரின் கல்வி அடைவை மதிப்பிடுதல்: சராசரி மதிப்பெண் மறைக்கும் செய்திகள்

முன்னுரை

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவரின் கல்வி அடைவு எத்தகையது என வினவினால், 4.00 புள்ளிகளுக்குக் கணக்கிடப்படும் தரப்புள்ளிச் சராசரியே விடையாகக் கிடைக்கும். பெரும்பாலான இளங்கலைப் படிப்புகளில் 2.00 புள்ளிகளுக்குக் குறையாதவர் பட்டம் பெறத் தகுதியுடையவராகிறார். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் எழுதிய தேர்வுகள், ஒப்படைத்த இடுபணிகள், களப்பயிற்சிக் குறிப்பேடுகள் ஆகிய அனைத்தும் அவ்வோர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

இலக்கியமோ வரலாறோ பயிலும் மாணவருக்கு இம்முறை பெருந்தீங்கு விளைவிப்பதில்லை. சங்க இலக்கியத்தில் உயர்ந்தும் ஒலியியலில் தாழ்ந்தும் நிற்கும் ஒருவர் சராசரியாக நல்ல மாணவர் என்றே கொள்ளப்படுவார். ஒலியியலில் அவருக்குள்ள குறை எவருடைய உடலையும் வருத்தாது. தாதிமை, இயன்மருத்துவம், செவிப்புலனியல், உணவுமுறையியல், கதிரியக்கப் படிமவியல் போன்ற சுகாதார அறிவியல் துறைகளில் பயில்வோர் நிலை வேறு. அவர்கள் பட்டம் பெற்றவுடன் நோயாளியின் படுக்கையருகே நிற்கப் போகின்றவர்கள். அங்கு ஒன்றிலுள்ள நிறைவைக் கொண்டு மற்றொன்றிலுள்ள குறையை ஈடுசெய்ய இயலாது. ஈடுசெய்தலையே இயல்பாகக் கொண்ட ஓர் எண்ணால் இத்துறை மாணவரின் அடைவை உரைக்க இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

தமிழியல் ஆய்விதழில் இப்பொருளுக்கு இடமென்ன என்னும் ஐயம் வாசகர்க்கு எழலாம். தமிழாசிரியர்களாகிய நம்மிடம் பயின்ற பிள்ளைகள் பலர் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் ஆகிய வழிகளில் இத்துறைகளுக்குச் செல்கின்றனர் என்பது ஒரு காரணம். நோயாளியின் மொழி இம்மதிப்பீட்டில் வகிக்கும் பங்கு நம் துறையினர் பேசவேண்டிய ஒன்று என்பது அதனினும் வலுவான காரணம். மொழித்தேர்வு அளவீட்டை அயல்நாட்டில் ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்த நான், இத்துறைக்குள் கால்வைக்க நேர்ந்ததும் அதன் பொருட்டே.

சராசரி மறைப்பது

20 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். மருத்துவர் கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் எழுதித் தருகிறார். கொடுக்கவேண்டியது 300 மில்லிகிராம். கையிலுள்ள பாகு மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளதெனின் அளந்து ஊற்றவேண்டியது 12.5 மில்லிலிட்டர். ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு இது பழகிய விகிதக் கணக்கு. ஆயினும் இப்பாகு மருந்து 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்னும் செறிவிலும் விற்கப்படுகிறது. கணக்கைச் சரியாகச் செய்துவிட்டுப் புட்டியின் மேலொட்டைக் கவனியாமல் 12.5 மில்லிலிட்டரை ஊற்றும் மாணவர், குழந்தைக்கு 625 மில்லிகிராம் கொடுத்தவராவார். அஃதாவது உரிய அளவினும் இருமடங்குக்கு மேல்.

இம்மாணவருக்கு எத்தனை மதிப்பெண் வழங்குவது? சூத்திரம் சரி, பெருக்கல் சரி, வகுத்தல் சரி, அலகு சரி. வழிமுறைக்கு மதிப்பெண் அளிக்கும் நம் வகுப்பறை வழக்கப்படி நோக்கின் நான்கில் மூன்று கிடைத்துவிடும். அந்த வழக்கம் கற்கும் குழந்தையை ஊக்குவிப்பதற்காகத் தோன்றியது, அதில் தவறொன்றுமில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் அதே வழக்கத்தைப் பின்பற்றினால் ஒரு தவறுக்கு 75 விழுக்காடு பரிசளித்தவர்களாவோம்.

இதனையே ஒரு தேர்வு முழுமைக்கும் விரித்துக் காண்போம். பத்துப் பகுதிகள், பகுதிக்குப் பத்து மதிப்பெண் எனக் கொள்வோம். முதல் மாணவி எல்லாப் பகுதியிலும் 6 பெறுகிறார், மொத்தம் 60. இரண்டாமவர் எட்டுப் பகுதிகளில் 9 வீதம் 72 பெற்று, மருந்தளவுக் கணக்கில் 2-ம், நோயாளியின் பெயரையும் பதிவெண்ணையும் சரிபார்த்தலில் 1-ம் பெறுகிறார், மொத்தம் 75. மதிப்பெண் பட்டியலில் இரண்டாமவர் சிறந்த மாணவர். எந்தத் தாதியர் தலைவியிடம் கேட்டாலும், இன்றிரவுப் பணிக்கு முதலாமவரை அனுப்புங்கள் என்பார். இரு விடைகளும் முரண்படுவதற்குக் காரணம், மதிப்பெண் பட்டியல் கூட்டலை அறியுமேயன்றி, எது இன்றியமையாதது என்பதை அறியாது என்பதே.

இதற்குரிய திருத்தம் புதியதன்று. சில கூறுகளை ‘கட்டாயத் தேர்ச்சிக் கூறுகள்’ என முன்கூட்டியே அறிவித்து, அவற்றில் தவறியவர் மொத்தத்தில் எத்துணை உயர்ந்திருப்பினும் அப்பகுதியை மீண்டும் எழுதவேண்டும் என விதிக்கலாம். இவ்விதியை ஏற்கும் புலங்கள் உள. ஏற்பதற்கும் நடைமுறைப்படுத்துவதற்கும் இடைப்பட்ட தொலைவு குறித்துக் கட்டுரையின் இறுதியில் பேசவேண்டியுள்ளது.

ஐம்பது என்னும் கோடு

தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் வேண்டும் என்பதை நாம் இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டுள்ளோம். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் புறவயக் கேள்விகளில் இந்த 50-இன் பொருளைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவர் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அறிந்தவர். எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கில் கண்ணை மூடிக்கொண்டு விடை தெரிவு செய்கிறார். அவற்றுள் நான்கில் ஒன்று தற்செயலாகச் சரியாகும். மூன்றில் இரண்டில் நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று. மூன்றில் ஒன்றுடன் ஆறில் ஒன்றைக் கூட்டினால் சரியாக அரை. பாடத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அறிந்தவர் எதிர்பார்ப்பின்படி 50 பெற்றுத் தேறிவிடுகிறார். பயிற்சிப் பட்டறைகளில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதும்பொழுதெல்லாம் அறையில் ஒரு சிறு அமைதி நிலவக் கண்டிருக்கிறேன்.

மாணவரை மாணவரோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பது ஒருமுறை; வரையறுத்த திறனோடு ஒப்பிடுவது மற்றொருமுறை. இவ்விரண்டுக்குமுரிய வேறுபாட்டை 1963-இல் இராபர்ட் கிளேசர் தெளிவுபடுத்தினார். ஆண்டுதோறும் இறுதி 5 விழுக்காட்டினர் தோல்வி என்று வைத்தால், 40 பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருவர் தோற்பர். அவ்வாண்டு வகுப்பே சிறந்ததாயினும் தோற்பர், வகுப்பே நலிந்ததாயினும் இருவர் மட்டுமே தோற்பர். நம் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை ஆற்றல் நிலைகளைக் குறிக்கும் ஆசிரியர்கள் கிளேசரின் இரண்டாம் வழியிலேயே செல்கின்றனர். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்டபின் அவ்வழியின் சுமையும் அவர்கள் தோளிலேயே உள்ளது.

சுகாதார அறிவியலில் கோட்டை எங்கு இடுவது என்பதற்குப் பலரும் கையாளும் வழி, 1971-இல் வில்லியம் ஆங்காஃப் எழுதிய குறிப்பொன்றிலிருந்து வளர்ந்தது. துறை வல்லுநர் பலர் கூடி, தேறுதலுக்கும் தோற்றலுக்கும் நடுவில் நிற்கும் ஓர் எல்லைநிலை மாணவரை மனத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். அத்தகைய மாணவர் நூறு பேரில் எத்தனை பேர் இக்கேள்விக்குச் சரியாக விடையளிப்பர் என ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீடுகளின் கூட்டுத்தொகையே தேர்ச்சிக் கோடு. எளிய தாளுக்குக் கோடு உயரும். கடினமான தாளுக்குத் தாழும். கேட்பதற்கு எளிதாக இருப்பினும், எல்லைநிலை மாணவரைக் கற்பனை செய்வது விரிவுரையாளர்க்கு மிகக் கடினம். பலரும் தம் வகுப்பின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவரையே நினைத்துக்கொண்டு எண்களை இடுகின்றனர். கோடு 78-இல் போய் நின்றபின், அவ்வளவு பேரையும் எப்படித் தோற்கடிப்பது என்று திகைத்து மீண்டும் 50-க்கே திரும்புவதும் உண்டு.

அறிதலும் செய்தலும்

பெஞ்சமின் புளூம் தொகுத்தளித்த 1956-ஆம் ஆண்டுப் பகுப்புமுறையை அறியாத ஆசிரியர் நம்மிடையே இலர். மருத்துவக் கல்வியில் அதற்கொப்பான இடம்பெற்றது ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த நான்கு படிக் கூம்பாகும். அடிப்படியில் ‘அறிதல்’, அதன்மேல் ‘எவ்வாறு எனத் தெரிதல்’, அதன்மேல் ‘செய்துகாட்டல்’, உச்சியில் ‘செய்தல்’. எழுத்துத் தேர்வு முதலிரு படிகளையே தொடும். செய்துகாட்டலை அளக்கவேண்டின் மாணவரைச் செய்யச்சொல்லிக் கண்ணால் காணவேண்டும்.

அவ்வாறு காண்பதற்கு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ரொனால்டு ஹார்டனும் அவர்தம் குழுவினரும் 1975-இல் ஒரு முறையை வெளியிட்டனர். ‘ஓஸ்கி’ என்னும் சுருக்கப்பெயரே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. மாணவர் ஒரு சுற்றில் அமைந்த பல நிலையங்களுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் ஒரு பணியைச் செய்துகாட்டுவார். ஓரிடத்தில் இரத்த அழுத்தம் அளத்தல், மற்றோரிடத்தில் படிமத்தை விளக்கல், வேறோரிடத்தில் நோயாளியிடம் வினவல். மணியடித்தவுடன் அடுத்த நிலையம். எல்லா மாணவர்க்கும் ஒரே பணி, ஒரே கால அளவு, ஒரே மதிப்பீட்டுப் படிவம்.

நிலையங்கள் பலவாக இருக்கவேண்டியதன் காரணம் வெறும் நேர்மை மட்டுமன்று. 1978-இல் எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்பிராஃப்கா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, ஒரு நோய்நிலையைச் சிறப்பாகக் கையாண்டவர் அடுத்ததையும் அவ்வாறே கையாள்வார் என்பதற்கு உறுதியில்லை எனக் காட்டிற்று. ‘கெட்டிக்காரர்’ என்று பொதுவாகச் சொல்லத்தக்க ஒருவர் இல்லை; இதில் வல்லவர், அதில் வல்லவரல்லர் என்றே கூறமுடியும். எனவே ஒரேயொரு நீண்ட வாய்மொழித் தேர்வில் மாணவரின் தகுதியை முடிவு செய்த பழைய முறை, பெரும்பாலும் அன்றைய நோயாளி யார் என்பதையே அளந்தது.

நோயாளியின் மொழி

சில ஆண்டுகளுக்கு முன், சுகாதார அறிவியல் புலம் ஒன்று ஓஸ்கி நிலையமொன்றுக்குத் தமிழில் உரையாடல் தயாரித்துத் தருமாறு கேட்டது. நோயாளியாக நடிக்கப் பயிற்றுவிக்கப்பெற்ற ஒருவர் மாணவர் முன் அமர்வார். ஹோவர்ட் பாரோஸ் 1960-களில் கலிபோர்னியாவில் தொடங்கிவைத்த முறை அது. நோயாளி 68 அகவை மூதாட்டி, தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், மார்பில் தொல்லை. என்னிடம் தரப்பட்ட வரைவில் அவர், “எனக்குக் கடந்த மூன்று நாட்களாக மிதமான தீவிரத்துடன் மார்பு வலி உள்ளது” என்று பேசினார். எந்தப் பாட்டியும் இவ்வாறு பேசியதில்லை என்று சொல்லிவிட்டு, என் தாயாரின் தோழியர் பேசக் கேட்டதை நினைவிற்கொண்டு மாற்றியெழுதினேன்: “நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குதும்மா. வாயுவாத்தான் இருக்கும்னு ஓமத்தண்ணி குடிச்சேன்.”

முன்னோட்டத்தில் நிகழ்ந்தது நான் எதிர்பாராதது. தமிழ் அறிந்த மாணவி ஒருவர், படிவத்தில் உள்ளபடியே, “பாட்டி, நெஞ்சு வலிக்குதா? வலி கைக்குப் பரவுதா?” என்று கேட்டார். நடித்தவர் தம் பாத்திரத்தை நன்குணர்ந்தவர். “வலியெல்லாம் இல்லம்மா, அடைப்புத்தான்” என்றார். மாணவி ‘நெஞ்சுவலி இல்லை’ எனக் குறித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குச் சென்றார். மதிப்பீட்டுப் படிவத்தில் ‘வலி பற்றி வினவினார்’, ‘வலி பரவுதல் பற்றி வினவினார்’ என்னும் இரு கட்டங்களிலும் தேர்வாளர் சரியெனக் குறியிட்டார். மாரடைப்பின் அறிகுறி பலருக்கு வலியாகத் தோன்றாமல் இறுக்கமாகவும் அடைப்பாகவும் பாரமாகவும் தோன்றும் என்பது அம்மாணவியின் பாடநூலிலேயே உள்ள செய்தி. எழுத்துத் தேர்வில் அவர் அதைச் சரியாக எழுதியும் இருப்பார். படிவத்தின்படி முழு மதிப்பெண். பாட்டியோ ஓமத்தண்ணீருடன் வீடு திரும்பியிருப்பார்.

தமிழில் உடல்நோவைக் குறிக்கும் சொற்கள் செறிந்து கிடக்கின்றன. குத்தல், எரிச்சல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், இழுப்பு, அடைப்பு என்று நீளும் அவ்வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு தனி உணர்வைச் சுட்டும். நீர்க்கடுப்பும் வயிற்றுக்கடுப்பும் வெவ்வேறு நோய்கள். மூட்டுக் குடைச்சலும் காது குடைச்சலும் வெவ்வேறு. ‘மயக்கம்’ என்பது இன்னும் சிக்கலானது. தலைசுற்றலையும் நினைவிழத்தலையும், கண் இருட்டிக்கொண்டு வருவதையும் நம் மூத்தோர் அவ்வொரு சொல்லால் குறிப்பர். அவர்களே மலாய் பேசும் மாணவரிடம் ‘பெனிங்’ என்பர். அச்சொல்லுக்குள் தலைசுற்றலும் அடங்கும், சிலர் வாயில் தலைவலியும் அடங்கும். மாணவர் அதை ஆங்கிலத்தில் எழுதுகையில் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். மூன்று மொழிகளைக் கடந்துவரும் அறிகுறி வழியில் எத்தனை முறை உருமாறுகிறது என்பதை எந்தப் புறவயக் கேள்வியும் அளக்காது.

படிவத்தைக் குறைகூறி அதைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. படிவம் இல்லாத காலத்தில் தேர்வாளரின் மனநிலையே மதிப்பெண்ணாக இருந்தது. ஆயினும் படிவத்தின் எல்லையை 1999-இல் பிரையன் ஹாட்ஜஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியுள்ளது. மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவர், அனுபவமுள்ள மருத்துவர் ஆகிய மூவகையினரையும் ஒரே நிலையங்களில் அமர்த்திப் பார்த்தபொழுது, சரிபார்ப்புப் படிவத்தில் மிகக்குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அனுபவமுள்ள மருத்துவர்கள். அவர்கள் பட்டியலிட்ட எல்லா வினாக்களையும் கேட்கவில்லை; கேட்கவேண்டியதை மட்டும் கேட்டனர். வல்லுநர் ஒருவர் முழுமையாக நோக்கி இடும் ஒட்டுமொத்த மதிப்பீட்டிலோ அவர்களே முன்னின்றனர். எங்கள் நிலையத்தில் பின்னர்ச் செய்த மாற்றம் மிகச் சிறியது. ‘வலி பற்றி வினவினார்’ என்னும் கட்டத்தை நீக்கி, ‘நோயாளி கூறிய சொல்லையே எடுத்துக்கொண்டு அதன் பொருளை மேலும் வினவினார்’ என்று எழுதினோம். மறுமுறை அதே மாணவி, “அடைப்புன்னா எப்படி பாட்டி, மேல பாரம் வச்ச மாதிரியா?” என்று கேட்டார். நடித்தவர் பட்டென்று, “ஆமாம்மா, அப்படியேதான்” என்றார்.

இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. தமிழ்ப்பள்ளியில் பயின்று வந்த மாணவருள் சிலர், நோயாளியிடம் மிகச் சிறப்பாகப் பேசிவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் நோயாளிக் குறிப்பாக எழுதுமிடத்துத் தடுமாறுகின்றனர். தேர்வு அவருடைய மருத்துவ அறிவை அளக்கிறதா, ஆங்கில எழுத்தை அளக்கிறதா என்பது ஏற்புடைமை பற்றிய அடிப்படை வினா. குறிப்பெழுதுதல் பணிக்கு இன்றியமையாதது. அதை அளக்கத்தான் வேண்டும். ஆனால் தனியே அளந்து தனியே அறிவிக்கவேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிட்டால் அம்மாணவருக்கு எதைக் கற்பிப்பது என்பதே தெரியாமற் போய்விடும்.

களப்பயிற்சியில் இடப்படும் மதிப்பெண்

மில்லரின் கூம்பின் உச்சிப்படி மருத்துவமனைக் களப்பயிற்சியில்தான் புலப்படும். மதிப்பீடு மிகத் தளர்ந்திருப்பதும் அங்கேதான். களப்பயிற்சி மேற்பார்வையாளர் தம் நோயாளிகளுக்கிடையே மாணவரையும் கவனிப்பவர். வாரக் கடைசியில் இருபது கூறுகள் கொண்ட படிவத்தை நிரப்பவேண்டியவர். நிரப்பப்பட்ட படிவங்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாக் கூறுகளிலும் 4, அடுத்த மாணவருக்கு எல்லாக் கூறுகளிலும் 5 என்றே இருக்கும். ஒருவரைப் பற்றிய பொது எண்ணம் அவருடைய ஒவ்வொரு பண்பு பற்றிய மதிப்பீட்டையும் தன்வசப்படுத்திக்கொள்ளும் இவ்வியல்பை 1920-இலேயே எட்வர்ட் தார்ண்டைக் ‘ஒளிவட்ட விளைவு’ எனச் சுட்டினார். பணிவாகப் பேசும் மாணவருக்குக் கைகழுவும் முறையிலும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

இதனினும் கடியது, தோற்கடிக்க மனம் வராமை. கட்டாயத் தேர்ச்சிக் கூறுகள் ஏட்டில் இருந்தும் நடைமுறையில் தளர்வதற்கு இதுவே முதற்காரணம். நான்காண்டு படித்து, கல்விக் கடன் வாங்கி, வீட்டில் முதல் பட்டதாரியாக வரவிருக்கும் பிள்ளையை இறுதிப் பருவத்தில் நிறுத்துவதா என்னும் தயக்கம் இரக்கத்திலிருந்து பிறப்பது. நானும் அதற்கு விலக்கல்லன். ஆயினும் முதலாண்டிலேயே குறையைச் சொல்லியிருந்தால் அது பிள்ளைக்குக் கற்கும் வாய்ப்பாகியிருக்கும். நான்காம் ஆண்டில் சொல்வது தண்டனையாகிறது. தளர்ந்த மதிப்பெண்களை ஆண்டுதோறும் இட்டு வந்தவர்கள், அவருக்குத் தேவையான செய்தியை ஆண்டுதோறும் மறைத்தவர்களாகின்றனர். 2016-ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், இத்துறைகளுள் பலவற்றில் பதிவு பெற்றவரே பணியாற்றமுடியும். பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குப் பல்கலைக்கழகம் தந்த பட்டம் அடிப்படையாவதால், நாம் தளர்த்திய கோடு அங்கும் தளர்ந்தே நிற்கும்.

நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே 2005-இல் முன்வைத்த கருத்து இவ்விடத்தில் துணைபுரிகிறது. மாணவரின் பண்புகளை எண்ணால் மதிப்பிடச் சொல்வதற்கு மாறாக, குறிப்பிட்ட ஒரு பணியை அவரிடம் எந்த அளவுக்கு நம்பி ஒப்படைப்பீர் என மேற்பார்வையாளரிடம் வினவ வேண்டும் என்பார் அவர். பார்த்துக்கொண்டு நிற்கலாமா, அருகிருந்து வழிகாட்டினால் செய்யலாமா, கூப்பிட்டால் வரும் தொலைவில் நீங்கள் இருந்தால் போதுமா, தனியே விட்டுவிடலாமா? ஒவ்வொரு பணிக்கும் விடை வேறுபடலாம் என்பதும், இந்நிலைகளைக் கூட்டிச் சராசரி காண்பதில் பொருளில்லை என்பதும் இதன் சிறப்பு. படுக்கை விரிப்பதில் ‘தனியே’ என்பதும் மருந்து கொடுப்பதில் ‘அருகிருந்து’ என்பதும் சேர்ந்து ‘தொலைவில்’ ஆகிவிடமாட்டா.

பயிற்சிப் பட்டறை ஒன்றில், பல ஆண்டு அனுபவமுள்ள தாதியர் தலைவி ஒருவரிடம் இருவகைப் படிவங்களையும் கொடுத்து, தாம் நன்கறிந்த ஒரே மாணவரை மனத்திற்கொண்டு நிரப்பித் தருமாறு வேண்டினேன். முதற்படிவத்தில் எல்லாவற்றுக்கும் 4 இட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். இரண்டாம் படிவத்தில், ‘குழந்தைகள் பிரிவில் இம்மாணவர் தனியே மருந்து கொடுக்கலாமா?’ என்னும் வினாவருகே எழுதுகோலை நிறுத்தி நெடுநேரம் அமர்ந்திருந்தார். பின்னர் முதற்படிவத்தைத் திரும்ப வாங்கி, அதில் ‘மருந்து கையாளுகை’ என்ற கூறுக்கு நேரே இருந்த 4-ஐ அடித்து 2 என எழுதினார்.